பிரிட்டனில் வீடுகளை வெதுவெதுப்பாக்கும் செலவும் வெப்பப் பம்பும்

பிரிட்டனில் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் குடும்பங்கள் வாழ்கின்றன. அவற்றுள் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை, தெருவுக்கடியில் புதைத்த குழாய்களின் வழியே வந்து சேரும் இயற்கை எரிவாயுவைச் சுவரில் மாட்டிய கொதிகலனில் எரித்து, அதில் சூடேறிய நீரை அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களில் ஓடவிட்டுக் குளிர்காலத்தைக் கடத்துகின்றன. வெப்பநாட்டு வாசகருக்கு எரிசக்தி என்றதும் மின்சாரமே நினைவுக்கு வரும். ஆனால் அந்நாட்டின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், ஒரு நடுத்தரக் குடும்பம் ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரத்தையும் 11,500 யூனிட் எரிவாயுவையும் பயன்படுத்துவதாக 2023இல் கணக்கிட்டது. யூனிட் என்பது தமிழ்நாட்டு மின்கட்டண அட்டையில் காணும் அதே கிலோவாட் மணிதான். எரிவாயுவும் அங்கு அதே அளவையில்தான் விலை பேசப்படுகிறது. ஆகவே அங்கு ஒரு வீட்டின் எரிசக்தித் தேவையில் ஐந்தில் நான்கு பங்கு வெப்பத்துக்காகவே செலவாகிறது; அந்நாட்டின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்திலும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வீடுகளுக்குள் எரிபொருள் எரிவதால் உண்டாகிறது. மின்னுற்பத்தியைத் தூய்மைப்படுத்துவதில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்ட அந்நாடு, வீட்டுக்குள் எரியும் நெருப்பை மட்டும் இன்னும் அணைக்க முடியாமல் இருப்பதன் காரணத்தை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

அந்த நெருப்புக்கு மாற்றாக முன்வைக்கப்படும் கருவி வெப்பப் பம்பு. இதைப் பற்றிய பொது விவாதத்தில் இரண்டு கூற்றுகள் எதிரெதிரே நிற்கின்றன. எரிவாயுக் கொதிகலனைவிட மூன்று மடங்கு திறன் கொண்டது இது என்று ஒரு தரப்பு சொல்கிறது. இதைப் பொருத்திய பிறகு கட்டணம் குறையவில்லை, சில வீடுகளில் ஏறவே செய்தது என்று மறுதரப்பு சொல்கிறது. இரண்டும் உண்மை. இயற்பியல் தந்த ஆதாயத்தை விலையமைப்பு எடுத்துக்கொள்கிறது என்பதும், எஞ்சியதைப் பொருத்துநரின் கவனக்குறைவு எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதும் புரிந்தால், இந்த முரண் விளங்கிவிடும்.

முதலில் கருவியின் செயல்முறை. வெப்பம் தானாக ஓடும்போது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே ஓடும். அதை எதிர்த்திசையில் செலுத்த வேலை செய்தாக வேண்டும். குளிர்பதனப் பெட்டி தன் உள்ளறையிலிருந்து வெப்பத்தை எடுத்துப் பின்புறக் குழாய்களின் வழியே சமையலறையில் விடுவது இந்த எதிர்த்திசைப் பயணம்தான். வெப்பப் பம்பு அதே வேலையை வீட்டின் அளவில் செய்கிறது. மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாகிவிடும் ஒரு திரவம், அதாவது குளிர்பதனப் பொருள், வீட்டுக்கு வெளியே உள்ள சுருள்குழாயில் ஓடுகிறது. வெளிக்காற்று சுழியம் பாகையில் இருந்தாலும் அந்தத் திரவம் அதனினும் குளிர்ந்திருப்பதால் காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் எனப்படும் அமுக்கி நெருக்கும்போது அதன் வெப்பநிலை உயர்கிறது. உயர்ந்த நிலையில் அது வீட்டுக்குள் சுழலும் நீருக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. பிறகு ஒரு குறுகிய வால்வின் வழியே அழுத்தம் தளர்ந்து, குளிர்ந்து, பழைய சுருளுக்கே திரும்புகிறது. மின்சாரம் இங்கே வெப்பத்தை உண்டாக்குவதற்கன்றி, அதை இடம் மாற்றுவதற்கே முதன்மையாகச் செலவாகிறது. அதனால்தான் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் வெப்பம் கிடைப்பது ஆற்றல் அழிவின்மை விதிக்கு மாறானது ஆகாது. எஞ்சிய 2 யூனிட்டும் வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ வந்தவை.

ஓர் ஆண்டு முழுவதும் கருவி கொடுத்த வெப்பத்தை அது உண்ட மின்சாரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைப் பருவகாலச் செயல்திறன் எண் என்பர். வீட்டுச் செலவு முழுவதும் இந்த எண்ணைச் சுற்றியே சுழல்வதால், எது இதை உயர்த்துகிறது, எது தாழ்த்துகிறது என்பதை அறிவது இன்றியமையாதது. கிணற்றில் நீர்மட்டம் ஆழத்துக்குப் போகப்போக ஒரு சால் தண்ணீர் இறைக்க மாடுகள் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதைப் போல, வெளிக்காற்றின் வெப்பநிலைக்கும் ரேடியேட்டருக்குள் ஓடும் நீரின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி பெருகப் பெருக, அமுக்கியின் உழைப்பும் பெருகும். வெளியே 0 பாகை செல்சியஸ், ரேடியேட்டர் நீர் 55 பாகை எனில், இயற்பியல் விதி அனுமதிக்கும் உச்ச எண் ஏறத்தாழ 6. அதே நாளில் நீர் 35 பாகையில் ஓடினால் உச்ச எண் ஏறத்தாழ 9. உண்மைக் கருவிகள் இந்த உச்சத்தில் பாதியை ஒட்டியே எட்டுகின்றன என்பதால், ஒரே கருவி ஒரு வீட்டில் 2.7 என்றும் மற்றொரு வீட்டில் 4 என்றும் எண் தருவதில் வியப்பில்லை. கொதிகலனுக்குப் பழகிய பொருத்துநர்கள் நீரை 60, 70 பாகைக்கு ஏற்றியே பழகியவர்கள்; அந்தப் பழக்கத்தை வெப்பப் பம்பின் மேல் ஏற்றிவிட்டால் வீடு சூடாகத்தான் செய்யும், கட்டணமும் கூடவே ஏறும்.

இக்கருவி புதுமையானது என்றும் சோதிக்கப்படாதது என்றும் எழும் ஐயத்துக்கு வரலாறு இடந்தரவில்லை. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அழைக்கப்பட்ட வில்லியம் தாம்சன், ஓர் இயந்திரத்தின் மூலம் கட்டடங்களைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ முடியும் என்பதை 1852இல் கோட்பாட்டளவில் எடுத்துக்காட்டினார். 1856இல் ஆஸ்திரியாவில் பீட்டர் ஃபான் ரிட்டிங்கர், உப்பு நீரை ஆவியாக்கும் பணிக்கு இதே நெறியைப் பயன்படுத்தினார். ஜூரிக் நகர மன்றக் கட்டடம் 1938இலேயே லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுக்கத் தொடங்கியது. நிலக்கரிக்கு அயல்நாடுகளை நம்பியிருந்த சுவிட்சர்லாந்துக்கு அது தற்காப்பாகவும் அமைந்தது. இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஜான் சம்னர் என்ற பொறியாளர், போர்க்காலப் பொருள் தட்டுப்பாட்டுக்கிடையே கிடைத்த உதிரிப் பாகங்களைச் சேர்த்து, 1945இல் நகராட்சியின் மின்துறைக் கட்டடத்தை ஆற்று நீரின் வெப்பத்தால் சூடாக்கிக் காட்டினார். 1951இல் லண்டனில் திறக்கப்பட்ட ராயல் ஃபெஸ்டிவல் ஹாலுக்காகத் தேம்ஸ் நதியிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்பு ஒன்று அமைக்கப்பட்டது.

இவ்வளவு முன்னதாகத் தொடங்கிய நாடு ஏன் பின்தங்கியது என்றால், விடை வடகடலின் அடியில் இருக்கிறது. 1965இல் அங்கு இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. 1967 முதல் 1977 வரையான பத்தாண்டுகளில், நிலக்கரியிலிருந்து வடித்த பழைய வாயுவைப் பயன்படுத்திய அடுப்புகளும் கொதிகலன்களும் வீடு வீடாகச் சென்று மாற்றியமைக்கப்பட்டன. கோடிக்கணக்கான கருவிகளைப் பத்தாண்டுக்குள் தொட்ட அந்த மாபெரும் பொதுப்பணி, இன்றைய மாற்றம் இயலாத ஒன்று என்பாருக்கு அந்நாட்டு வரலாறே தரும் மறுமொழி. மலிவான எரிவாயு வந்தபின் வெப்பப் பம்பைத் தேட எவருக்கும் தேவை எழவில்லை. நார்வேக்கும் சுவீடனுக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. வீடுதோறும் எரிவாயுக் குழாய் அங்கு போடப்படவில்லை; 1973இன் எண்ணெய் நெருக்கடி அவற்றைக் கடுமையாகத் தாக்கியது; நீர்மின்சாரம் கையில் இருந்தது. சுவீடன் 1991இல் கார்பன் வரி விதித்தது. நார்வே 2020 முதல் கட்டடங்களைச் சூடாக்கக் கனிம எண்ணெய் எரிப்பதைத் தடை செய்தது. இன்று நார்வேயில் 1,000 குடும்பங்களுக்கு 600க்கும் மேற்பட்ட வெப்பப் பம்புகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை சூடான காற்றை நேரே அறைக்குள் வீசும் எளிய வகையைச் சேர்ந்தவை, ரேடியேட்டரோடு இணைந்தவை அல்ல என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். எனினும் ஐரோப்பாவிலேயே கடுங்குளிர் நாடுகளில்தான் இக்கருவி மிகுதியாக உள்ளது என்ற ஒன்றே, குளிரில் இது வேலை செய்யாது என்ற கூற்றை மறுக்கப் போதுமானது.

இனிச் செலவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்பு ஒன்றை வீட்டில் பொருத்தச் சுமார் 13,000 பவுண்டு ஆகிறது. புதிய எரிவாயுக் கொதிகலனுக்கு ஏறத்தாழ 3,000 பவுண்டு போதும். 2022இல் தொடங்கிய அரசு மானியம் முதலில் 5,000 பவுண்டாக இருந்து, 2023 அக்டோபரில் 7,500 ஆக உயர்த்தப்பட்டது. அதைக் கழித்த பிறகும் வீட்டுக்காரர் கையிலிருந்து 5,000 பவுண்டுக்கு மேல் போகிறது. இந்தத் தொகையின் பெரும்பகுதி கருவியின் விலை என்று கருதுவது பிழை. குறைந்த வெப்பநிலை நீரால் அதே அறையைச் சூடாக்க ரேடியேட்டரின் பரப்பு பெருக வேண்டும் என்பதால் சில அறைகளில் பெரியவை மாட்டப்படுகின்றன. குளிக்கும் நேரத்தில் உடனுக்குடன் 25 கிலோவாட் வேகத்தில் நீரைச் சூடாக்கிய கொதிகலன் போய், 5 முதல் 12 கிலோவாட் வரை ஆற்றல் கொண்ட பம்பு வரும்போது, வெந்நீரை முன்கூட்டியே சேர்த்துவைக்க ஒரு தொட்டியும் தேவையாகிறது. கொதிகலன் சிறுத்தபோது பழைய தொட்டி இருந்த அலமாரியைத் துணி வைக்கும் இடமாக மாற்றிக்கொண்ட சிறிய வீடுகளில் அந்தத் தொட்டிக்கு இடம் தேடுவதே பெரும் பணி. இவற்றோடு அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிடுதல், குழாய் மாற்றுதல், கூலி ஆகியவையும் சேர்கின்றன. 2028க்குள் ஆண்டுக்கு 6 லட்சம் பம்புகள் என்று அரசு 2020இல் இலக்கு வைத்தது; 2024இல் விற்பனையானவை ஏறத்தாழ 1 லட்சமே.

ஆண்டுச் செலவின் கணக்கு இன்னும் நுட்பமானது. 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலாண்டுக்கு ஆஃப்ஜெம் நிர்ணயித்த உச்சவிலையின்படி மின்சாரம் யூனிட்டுக்கு 24.50 பென்ஸ், எரிவாயு 6.24 பென்ஸ்; அதாவது மின்சாரத்தின் விலை எரிவாயுவின் விலையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 10,000 யூனிட் வெப்பம் தேவை என்று கொள்ளலாம். புழக்கத்தில் உள்ள கொதிகலன் எரிவாயுவின் ஆற்றலில் 85 விழுக்காட்டைத்தான் வெப்பமாகத் தருகிறது என்றால் 11,765 யூனிட் எரிவாயு வேண்டும்; செலவு 734 பவுண்டு. பருவகாலச் செயல்திறன் எண் 2.8 உள்ள பம்புக்கு 3,571 யூனிட் மின்சாரம் வேண்டும். செலவு 875 பவுண்டு. எரிபொருள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிட்டது, கட்டணமோ ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது. எண் 3.5 ஆனால் செலவு 700 பவுண்டாகவும், 4 ஆனால் 613 பவுண்டாகவும் இறங்குகிறது. இந்த விலைகளில் இரண்டும் சமமாகும் எல்லை 3.3க்குச் சற்று மேல். வீட்டில் எரிவாயு அடுப்பும் இல்லாமல் இணைப்பையே துண்டித்துவிட்டால், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் நாள்தோறும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 115 பவுண்டு மிச்சமாவதால் அந்த எல்லை 2.9க்கு அருகே இறங்கிவிடும். எனவே சமையலறை அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பம்பை மட்டும் பொருத்தும் குடும்பம், தான் பெறக்கூடிய ஆதாயத்தில் ஒரு பகுதியை அந்த ஒற்றை அடுப்புக்காக இழக்கிறது. இரவு நேர மலிவு மின்சாரத் திட்டங்களில் சேர்வோருக்குக் கணக்கு இன்னும் சாதகமாகும். ஆனால் கட்டணத் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்க நேரமும் கணினிப் பழக்கமும் உள்ளவர்களுக்கே அது கைகூடுகிறது.

பருவகாலச் செயல்திறன் எண் நடைமுறையில் எவ்வளவு என்பதற்கு நம்பகமான சான்றுகள் உண்டு. பிரிட்டிஷ் அரசின் நிதியில் 742 வீடுகளில் நடந்த பரிசோதனையில், காற்றுவழிப் பம்புகளின் நடுமதிப்பு 2.8ஐ ஒட்டியே அமைந்தது. வரிசை வீடு, தனி வீடு, அடுக்குமாடி என எந்த வகை வீடும் இதற்குப் பொருந்தாததாக இல்லை என்பதும் அங்கேயே தெளிவாயிற்று. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் பழைய கட்டடங்களில் அளந்தபோது காற்றுவழிப் பம்புகளுக்குச் சராசரி 3.1 என்றும், நிலத்தடியிலிருந்து வெப்பம் எடுப்பவற்றுக்கு 4.1 என்றும் கண்டது. ஆண்டு முழுவதும் 10 பாகை அளவிலேயே நிற்கும் மண், தை மாதக் காற்றைவிட எளிதில் வெப்பம் தருகிறது. ஆனால் துளையிடும் செலவு அந்த ஆதாயத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவதால், இடவசதியற்ற நகரங்களில் காற்றுவழிப் பம்பே பொதுவாகிறது. 2.8 என்ற நடுமதிப்பு எல்லைக்கோட்டுக்குக் கீழே நிற்பதுதான் பிரிட்டனில் எழும் புகார்களின் ஊற்று. அதை 3.5க்கு உயர்த்துவது ஆய்வகத்தில் கண்டுபிடிக்க வேண்டிய வித்தை அல்ல. அளவுக்கு மிஞ்சிய கருவியைத் தவிர்ப்பதும், வெளிக்காற்று மிதமாகும்போது நீரின் வெப்பநிலையைத் தானே தாழ்த்தும் அமைப்பை இயக்கி வைப்பதும், காலையும் மாலையும் சில மணி நேரம் மட்டும் கொதிக்கவிடும் பழைய வழக்கத்தை விட்டு நாள் முழுதும் மெல்லிய வெப்பத்தைத் தொடர்ந்து ஓடவிடுவதும் பயிற்சி பெற்ற பொருத்துநர் ஒருவரால் ஒரே நாளில் சொல்லிக்கொடுக்கக் கூடியவை. சொல்லிக்கொடுக்கப்படாத வீடுகளில்தான் முதியவர் ஒருவர் கட்டணத்துக்கு அஞ்சிப் பம்பை அவ்வப்போது அணைத்து, வீடு சில்லிட்டதும் மீண்டும் உச்சத்தில் ஓட்டி, குளிரையும் கட்டணத்தையும் ஒருங்கே சுமக்கிறார். பயிற்சிக்குச் செலவிடும் தொகை மானியத்தோடு ஒப்பிட அற்பம். அதில் காட்டப்படும் சிக்கனம் மன்னிக்கத் தக்கதன்று.

ஆயினும் பெரும் பொறுப்பு விலையமைப்பைச் சேர்ந்தது. பிரிட்டனின் மொத்த மின்சந்தையில், ஒரு நேரத்தின் தேவையை நிறைவு செய்யக் கடைசியாக அழைக்கப்படும் மின்நிலையம் கேட்கும் விலையே எல்லா நிலையங்களுக்கும் விலையாகிறது. அந்தக் கடைசி நிலையம் பெரும்பாலான நேரங்களில் எரிவாயுவில் ஓடுவதாக இருப்பதால், காற்றாலையில் பிறந்த மின்சாரமும் எரிவாயுவின் விலையைத் தழுவியே வீட்டுக்கு வருகிறது. 2021இலும் 2022இலும் எரிவாயு விலை எகிறியபோது மின்கட்டணமும் உடன் எகிறியதன் காரணம் இதுவே. இதற்கு மேல், 2000ஆம் ஆண்டுகளில் தொடங்கப்பட்ட மரபுசாரா மின்திட்டங்களுக்கான ஊக்கத்தொகை, ஏழை வீடுகளுக்கு வெப்பக் காப்பு அமைக்கும் திட்டம் போன்ற கொள்கைச் செலவுகளில் பெரும்பகுதி மின்கட்டணத்தின் தலையில் ஏற்றப்பட்டது. எரிவாயுவுக்கோ மிகச் சிறு பங்கே விழுந்தது. மின்சாரம் அழுக்கான எரிபொருளாக இருந்த காலத்தில் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, அது தூய்மையான பிறகும் நீடித்ததால், அழுக்கைக் கைவிடுவோரைத் தண்டிக்கும் வரியாக மாறிவிட்டது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், பழைய ஊக்கத்தொகைச் சுமையின் முக்கால் பங்கை 2026 ஏப்ரல் முதல் மூன்றாண்டுகளுக்குப் பொது வரிப்பணத்துக்கு மாற்ற அரசு முடிவு செய்தது சரியான திசையில் வைத்த அடி. மூன்றாண்டு என்பது மட்டும் பதினைந்து, இருபது ஆண்டு உழைக்கப்போகும் கருவியை வாங்குவோருக்கு நம்பிக்கை தரும் கால அளவாகாது.

சூழலியல் கணக்கில் விடை இந்த அளவுக்கு ஊசலாடுவதில்லை. மேற்சொன்ன வீட்டில் 11,765 யூனிட் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 2,150 கிலோ கரியமில வாயு வெளியேறும். பிரிட்டனின் மின்கட்டமைப்பு 2013இல் யூனிட்டுக்கு அரைக் கிலோவுக்கு மேல் வெளியிட்டது. 2024இல் அது 0.125 கிலோ அளவுக்கு இறங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப்-ஆன்-சோர் நிலையம் மூடப்பட்டதோடு அந்நாட்டில் நிலக்கரி மின்சாரம் முடிவுக்கு வந்தது. பிற இழப்புகளையும் சேர்த்து யூனிட்டுக்கு 0.2 கிலோ என்று உயர்த்தியே கணக்கிட்டாலும், பம்பு உண்ணும் 3,571 யூனிட்டுக்கு 714 கிலோவே ஆகிறது. மூன்றில் இரண்டு பங்கு வெளியேற்றம் உடனே நின்றுவிடுகிறது. காற்றாலைகள் பெருகும் ஒவ்வோராண்டும், வீட்டுக்காரர் எதையும் மாற்றாமலே எஞ்சியதும் தேய்கிறது. கொதிகலனிடம் இந்த இயல்பு கிடையாது. இன்று பொருத்தப்படும் ஒன்று தன் ஆயுள் முழுவதும் இன்று வெளியிடும் அளவையே வெளியிட்டுக்கொண்டிருக்கும்.

கூடுதல் மின்தேவையை எரிவாயு நிலையம்தானே நிறைவு செய்யும், அப்படியானால் என்ன ஆதாயம் என்ற வினா அடிக்கடி எழுகிறது. அது நியாயமான வினா, விடையும் உண்டு. நல்ல எரிவாயு மின்நிலையம் தன் எரிபொருளில் பாதியை மின்சாரமாக்குகிறது. கம்பியில் 8 விழுக்காடு இழக்கப்படும் எனக் கொண்டால் 1 யூனிட் எரிவாயுவிலிருந்து 0.46 யூனிட் மின்சாரம் வீடு சேர்கிறது, 2.8 எண்ணுள்ள பம்பு அதை 1.29 யூனிட் வெப்பமாக்குகிறது. அதே 1 யூனிட் எரிவாயு கொதிகலனில் எரிந்தால் 0.85 யூனிட் வெப்பமே. ஆக, முழுக்க எரிவாயுவில் பிறந்த மின்சாரத்தால் ஓடினாலும் பம்பு மூன்றில் ஒரு பங்கு எரிவாயுவைக் காப்பாற்றுகிறது. நிலக்கரியை நம்பிய நாட்டில்தான் இந்த வாதம் தளர்கிறது. போலந்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது, யூனிட்டுக்கு 0.65 கிலோ வெளியிடும் கட்டமைப்பில் பம்பு தரும் வெப்பம், எரிவாயுக் கொதிகலனின் வெப்பத்தைவிடச் சற்றே கூடுதல் கரியமில வாயுவைச் சுமக்கும். ஆனால் அங்கே பம்பு பெரும்பாலும் அகற்றுவது வீட்டு அடித்தளத்தில் எரிந்த நிலக்கரி அடுப்பை. குளிர்காலப் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிய கிராகோவ் நகரம் 2019 செப்டம்பர் முதல் வீடுகளில் நிலக்கரியும் விறகும் எரிப்பதையே தடை செய்தது. குழந்தைகள் சுவாசிக்கும் காற்றையும் கணக்கில் சேர்த்தால் அங்கும் தட்டு பம்பின் பக்கமே தாழ்கிறது.

குளிர்பதனப் பொருள் பற்றிய கவலை இதைவிடக் கூர்ந்து பார்க்கத் தக்கது. ஆர்-410ஏ என்ற கலவை 1 கிலோ கசிந்தால், நூறாண்டு அளவில் அது 2,088 கிலோ கரியமில வாயுவுக்கு இணையாகப் புவியைச் சூடாக்கும். ஆர்-32க்கு அந்த எண் 675. முந்தைய கலவை 2 கிலோ கொண்ட கருவி முழுவதும் கசிந்துவிட்டால், மூன்று ஆண்டுகள் பம்பு ஓடிச் சேர்த்த சூழல் ஆதாயம் அழிந்துபோகும். ஒன்றரைக் கிலோ ஆர்-32 என்றால் ஓராண்டு ஆதாயத்துக்கும் குறைவு. ஆகவே கசிவு பம்பைத் தள்ளிவிடக் காரணமாகாது, கருவியின் ஆயுள் முடிவில் வாயுவை முறையாக மீட்டெடுக்கச் சட்டம் வற்புறுத்துவதற்கே காரணமாகிறது. 2016இல் கிகாலியில் ஏற்பட்ட உடன்பாடு உலக நாடுகள் இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க வழிவகுத்தது. ஐரோப்பாவில் புதிய பம்புகள் பல ஆர்-290 என்று குறிக்கப்படும் புரொப்பேனுக்கு மாறிவருகின்றன. அதன் வெப்பமூட்டும் எண் 3ஐத் தாண்டாது. எளிதில் தீப்பற்றும் என்பதால், அந்த வாயு முழுவதும் வீட்டுக்கு வெளியே உள்ள பெட்டிக்குள்ளேயே அடைபட்டிருக்குமாறும், உள்ளே நீர் மட்டுமே வருமாறும் கருவிகள் வடிவமைக்கப்படுகின்றன. சென்னையிலும் மதுரையிலும் அறைகளைக் குளிர்விக்கும் ஏ.சி. கருவிகளும் இதே சுழற்சியில், பெரும்பாலும் இதே ஆர்-32 வாயுவில்தான் ஓடுகின்றன என்பதால், கசிவையும் மீட்டெடுப்பையும் பற்றிய இந்தப் பகுதி தமிழ்நாட்டுக்கும் நேரடியாகப் பொருந்தும். அங்கே பழுது பார்க்கும்போது வாயுவை வெளியில் திறந்துவிடும் வழக்கம் உடனே நிறுத்தப்பட வேண்டியது.

வெப்பக் காப்பு முதலில், பம்பு பிறகு என்ற வாதமும் ஒரு சொல் பெற வேண்டும். இங்கிலாந்தின் வீடுகளில் ஐந்தில் ஒன்று 1919க்கு முன் கட்டப்பட்டது. இடைவெளியற்ற கெட்டிச் செங்கற்சுவர் கொண்ட அவ்வீடுகளுக்கு முழுக் காப்பு அமைக்க ஆகும் செலவு பல நேரங்களில் பம்பின் செலவையே மிஞ்சும். பரண் தளத்தில் காப்பு விரிப்பதும், கதவு ஜன்னல் இடுக்குகளை அடைப்பதும் மலிவானவை, உடனே செய்யத் தக்கவை. அதற்கு மேற்பட்டதை முன்நிபந்தனை ஆக்கினால், காப்பும் வராமல் பம்பும் வராமல் கொதிகலன் மட்டும் இன்னொரு பதினைந்தாண்டு எரிந்துகொண்டிருக்கும். ஒலி பற்றிய அச்சம் புதிய கருவிகளால் பெரிதும் தணிந்துவிட்டது. அண்டை வீட்டின் எல்லையிலிருந்து ஒரு மீட்டர் விலக்கியே பெட்டியை வைக்க வேண்டும் என்ற இங்கிலாந்தின் விதியும் 2025 மே மாதம் நீக்கப்பட்டு, ஒலியளவு மட்டும் நிபந்தனையாக நிறுத்தப்பட்டது. நெருங்கிய வரிசை வீடுகளுக்கு அது மெய்யான விடுதலை.

ஜெர்மனியின் அனுபவம் அரசுகளுக்கு எச்சரிக்கை. புதிதாகப் பொருத்தும் வெப்பமூட்டும் அமைப்புகள் 65 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் ஓட வேண்டும் என்ற சட்டம் 2023இல் கடும் பூசலுக்கிடையே நிறைவேறியது. சட்டம் முதலில் பேசப்பட்டது, மானியத்தின் விவரம் பின்னரே தெளிவாயிற்று. அந்த இடைவெளியில் அச்சம் பரவி, தடை வருமுன் கொதிகலன் வாங்கிவிட வேண்டும் என்று மக்கள் விரைந்தனர். அவ்வாண்டு 3,56,000 ஆக இருந்த பம்பு விற்பனை 2024இல் 1,93,000 ஆகச் சரிந்தது.

எல்லாக் கணக்குகளிலும் விடுபட்டுப் போவோர் இருவர். ஒருவர் வாடகைக் குடியிருப்பாளர். பம்பு வாங்கும் முடிவு வீட்டு உரிமையாளருடையது, கட்டணம் குடியிருப்பவருடையது. இருவரையும் இணைக்கும் விதி எதுவும் இல்லாத இடத்தில் 7,500 பவுண்டு மானியம் பெரும்பாலும் சொந்த வீடும் சேமிப்பும் உள்ளவரையே சென்றடைகிறது. அடுக்குமாடிகளில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனிப்பெட்டி வைக்க இடமில்லை என்பதால், அங்கே பொதுவான பெரும்பம்புதான் தீர்வு. நார்வேயின் டிராமன் நகரம், கடற்கழியின் குளிர்ந்த நீரிலிருந்து வெப்பம் எடுத்து நகரக் கட்டடங்களுக்குக் குழாயில் அனுப்புகிறது. அம்மோனியாவில் ஓடும் அந்தப் பம்பைச் செய்து கொடுத்தது கிளாஸ்கோவைச் சேர்ந்த ஒரு நிறுவனம். கிளாஸ்கோ அமைந்துள்ள அதே கிளைடு நதிக்கரையில் கிளைட்பேங்கிலும் இப்போது அத்தகைய அமைப்பு இயங்குகிறது. உள்நாட்டிலேயே திறமை இருந்தும் நகராட்சிகளிடம் முதலீடு இல்லாததால் இவ்வழி அகலாமல் நிற்கிறது.

மற்றவர், எரிவாயு இணைப்பில் கடைசியாக எஞ்சப்போகிறவர். நாடு முழுவதும் பரந்த குழாய் வலையின் பராமரிப்புச் செலவு, அதில் எத்தனை வீடுகள் இணைந்திருந்தாலும் ஏறத்தாழ ஒன்றே. இன்று அது 2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பகிர்ந்து விழுகிறது. வசதியுள்ளோர் ஒவ்வொருவராகப் பம்புக்கு மாறி இணைப்பைத் துண்டிக்கும்போது, அதே செலவு குறைந்துகொண்டே போகும் எண்ணிக்கையிலான வீடுகளின் மேல் ஏறும். அப்போது எஞ்சியிருப்பவர்கள் முன்பணம் கட்டி மீட்டரை ஓட்டும் ஏழைகளும், வீட்டு உரிமையாளரின் முடிவுக்குக் காத்திருக்கும் குடும்பங்களும், மாற்றத்தின் தொல்லையைத் தாங்க இயலாத முதியவர்களுமாகவே இருப்பர். 1967இல் செய்ததைப் போலத் தெருத் தெருவாக, ஒரு பகுதியில் உள்ள எல்லா வீடுகளையும் ஒரே பருவத்தில் மாற்றி, அந்தப் பகுதியின் குழாயை முழுவதுமாக மூடிவிடுவதும், மூடும் செலவைக் கட்டணத்தில் ஏற்றாமல் பொது வரியிலிருந்து ஏற்பதும், முதல் தெருக்களாக வசதி குறைந்த குடியிருப்புகளையே தேர்ந்தெடுப்பதும் இதற்குத் தேவைப்படும். தனித்தனி மானியம் என்ற இன்றைய முறை அந்த வரிசையை நேர்மாறாக அமைத்திருக்கிறது. அது மாறாத ஒவ்வோராண்டும் கடைசித் தெருவுக்கு வரப்போகும் கட்டணச் சீட்டின் தொகை ஏறிக்கொண்டே இருக்கும்.